பள்ளிக்கூடத் தேர்தலில் நான் போட்ட வாக்கு

இத்தாலியின் பலேர்மோ நகரில் மகளின் பள்ளிக்கூடத்தைத் தினமும் மதியத்தோடு மூடப் போவதாகக் கதை வந்தது. வீடு துடைக்கப் போகும் தமிழ்ச் சனம் நாங்கள் நாலு மணிக்குமுன் திரும்ப மாட்டோம். அதைத் தடுக்க, நிர்வாகக் குழுவில் பெற்றோருக்கான ஒரே இடத்துக்குப் போட்டியிட்டேன். மூடுவதற்கு ஆதரவாக எதிரே நின்றவர், நான் வேலை செய்யும் வீட்டு முதலாளியம்மா சிஞ்ஞோராவின் கணவர்.

எங்கள் சனத்தை நான் நம்பவில்லை. முதலாளியைக் கண்டால் கூனிக் குறுகும் கூட்டம் என்று இகழ்ந்தேன். வாக்களிக்கப் போனபோது வாசலில் சிஞ்ஞோரா என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய் அவருடைய கணவருக்கே போட்டேன்.

ஒரு வாக்கால் தோற்றேன்.

"எங்கடை ஆக்கள் எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டவை, அண்ணை," என்றாள் கூட வேலை செய்யும் ராணி. "எண்ணிப் பாத்தால் ஒண்டு குறையுது. ஆரோ ஒரு நாய் மாறிப் போட்டிட்டுது. பிடிச்சால் செருப்பாலை அடிப்பன்."

"ஓம், அடிக்கத்தான் வேணும்," என்றேன்.

அவளுடைய பிள்ளை இப்போது மதியம் தனியே வீடு போகிறது. நான் யாரையும் கோழை என்று சொல்வதில்லை.