ரென்ஸ்கேக்கு மூன்று முட்டை

மூன்றாவது முட்டையைச் சட்டியில் விடும்போது மட்டும் கெர்பன் மூச்சை அடக்கிக்கொள்வார். மஞ்சள் கரு உடைந்துவிட்டால் அது அவர் வயிற்றுக்குத்தான். வாடிக்கையாளர் தட்டுக்குப் போகாது. வெண்ணெயில் விளிம்பு முறுகியதும், ஹாமும் சீஸும் அடுக்கிய இரண்டு ரொட்டித் துண்டுகளின் மேல் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார். பக்கத்தில் ஒரு வெள்ளரி ஊறுகாய். அவுட்ஸ்மைட்டர் தயார். ஃப்ரீஸ்லாந்துக் கால்வாயில், நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகுகளை ஏற்றி இறக்கும் மதகை ஒட்டிய அவர் கடையில் மதியத்துக்கு வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

கேட்பவர்கள் எல்லாம் சரக்குப் படகோட்டிகள். மதகுக்குள் நுழையத் தங்கள் முறை வரும்வரை சாப்பிடுவார்கள். ஒலிபெருக்கியில் படகின் பெயர் கேட்டதும் வாயில் இருப்பதை மென்றபடியே ஓட்டம். முறையை விட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும்.

கெர்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. பேச்சு குறைவு. ஆனால் வியாழக்கிழமைகளில் மட்டும் சலவைச் சட்டை. அன்றுதான் ரென்ஸ்கே வருவார்; மணல் படகைத் தனியாளாக ஓட்டுபவர், அவரும் கணவரை இழந்தவர். ‘கொஞ்சம் இருந்துட்டுப் போயேன்’ என்று கேட்க கெர்பனுக்கு இரண்டு வருடமாக ஆசை. நாக்குதான் எழவில்லை.

போன வியாழன், பாதித் தட்டில் நிமிர்ந்து பார்த்தார் ரென்ஸ்கே.

“ஏன் கெர்பன், இதை முதல்ல யாரு கண்டுபிடிச்சாங்க?”

“யாரு கண்டா? அந்தக் காலத்துல விருந்து முடிஞ்சும் எந்திரிக்காத ஆளுங்களுக்கு, கடைசியா இதைச் சுட்டுக் குடுப்பாங்களாம். தின்னுட்டு நடையைக் கட்டுன்னு அர்த்தம்.”

“அடப்பாவி! அப்போ வாராவாரம் என்னைத் துரத்திக்கிட்டா இருக்கே?”

கெர்பனின் காது மடல் சிவந்துவிட்டது. சட்டியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“எனக்கு வேற எதுவும் சமைக்க வராது, ரென்ஸ்கே. வந்திருந்தா, பட்டாணி சூப் மாதிரி ரெண்டு மணி நேரம் வேகுறது எதையாவது அடுப்புல ஏத்தி, உன்னை உக்கார வெச்சிருப்பேன்.”

அந்த நேரம் பார்த்தா ஒலிபெருக்கி கரகரக்க வேண்டும்? ரென்ஸ்கேயின் படகு பெயர்தான். அவர் எழுந்துவிட்டார். உளறிவிட்டோமே என்று கெர்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைத் தூக்கவே இல்லை.

கதவு திறந்து குளிர்காற்று வந்தது. ஆனால் காலடிச் சத்தம் படியிறங்கவில்லை. கெர்பன் பார்த்தார். வாசலில் நின்றபடி ரென்ஸ்கே, தன் படகுக்குப் பின்னால் காத்திருந்த படகுக்காரரை நோக்கி, முன்னால் போகச் சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தார்.