கட்டைக்காட்டு மணலில் றஜிதாக்காவின் இரும்புச் சில்லு

மானிப்பாயில் அண்ணாவின் ரயர் கடைக்கு றஜிதாக்கா வந்த அன்று, நான் விற்க வந்திருந்த நான்கு அலோய்ச் சில்லு றிம்களையும் துடைத்து வாசலில் அடுக்கியிருந்தேன். என்ன மினுக்கம்! பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"உதென்னடி தனுசியா, கலியாணச் சாமான் மாதிரி மினுங்குது?"

"அலோய் அக்கா! கறள் பிடியாது. இரும்பிலையும் பாரம் குறைவு. உங்கடை பிக்கப்புக்குப் போட்டா மணலிலை பறக்கும்!"

"கல்லிலை அடிபட்டா?"

என் வேகம் கொஞ்சம் குறைந்தது. "பலத்த அடியெண்டா வெடிக்கும்."

"இரும்பு?"

"நெளியும். அடிச்சு நிமித்தலாம்."

"பிறகென்ன கதை? வீட்டை இரும்பு றிம் கிடக்கு, அதையே போடு. உந்த மினுக்கத்திலை போனா மீனுக்கு எங்களைத் தெரியாமல் போயிடும்."

அவருக்கு நாற்பத்தொரு வயது. ஊர் குருநகர். கணவர் சிமியோன் அண்ணை கடலில் முதுகு அடிபட்டு வீட்டோடு இருந்தபோது, லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ஓட்டப் பழகி, அதில் மீனுக்கான ஐஸ் ஏற்றத் தொடங்கியவர். "பொம்பிளை லான்ட்மாஸ்ரர் ஓட்டுறா" என்று சிரித்தவர்களின் மீனைத்தான் பிறகு ஏற்றினார். இப்போது நான்கு சில்லும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார்.

இந்த முறை விசயம் பெரியது. கட்டைக்காட்டில் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு முதலாளியான சம்மாட்டி செபநாயகம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். வலையடியிலிருந்து றோட்டுக்கு மீனைக் கொண்டு வர அவருக்கு வாடகைக்கு ஓர் உழவு இயந்திரம்தான் கிடைத்தது. அது அசைந்து அசைந்து வந்து சேருமுன் கொழும்பு லொறி போய்விடும். சனிக்கிழமை றஜிதாக்கா பிக்கப்பை மணலில் இறக்கி, எட்டு மணிக்கு முன்னரே மீனை றோட்டுக்குக் கொண்டுவந்தால், தெற்கிலிருந்து காற்று வீசும் சோளகக் காலம் முழுக்க அந்த ஓட்டம் அவருக்கு. இல்லையென்றால் இல்லை.

வெள்ளிக்கிழமை அவர் இரும்பு றிம்களை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அண்ணா சாவகச்சேரிக்குப் போயிருந்ததால் ரயர்களை நானே பூட்டினேன். றிம்மில் ஒரு மணம் வந்தது. மீன் ஏற்றுகிற வாகனம்தானே என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை விடிய நானும் கூடப் போனேன். பார்க்காமல் இருக்க முடியுமா! மணல் தொடங்கும் இடத்தில் அக்கா இறங்கி, ரயர்களின் காற்றை முப்பதிலிருந்து பன்னிரண்டுக்குக் குறைத்தார். ரயர்கள் சப்பையாகி மணலில் அகலமாக உட்கார்ந்தன. பிறகு ஒரே மூச்சு! உழவு இயந்திரம் புதைகிற பள்ளத்தை நாங்கள் நழுவிக்கொண்டே தாண்டினோம். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கூவினார்கள். நானும் கூவினேன்.

பாரையும் சாளையுமாகப் பதினெட்டுப் பெட்டி மீன் ஏறியது. அப்போது ஏழு மணிகூட ஆகவில்லை.

திரும்பும்போது பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தது. அக்கா அக்சிலேற்றரை அழுத்திக் கொடுத்தார். இஞ்சின் உறுமியது. உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். அடுத்த கணம் டங்! பின் இடதுபக்க ரயர் றிம்மை விட்டுக் கழன்று, வெறும் றிம் மணலுக்குள் கிடந்த முருகைக்கல்லில் விழுந்திருந்தது. விளிம்பு உள்ளே மடிந்துவிட்டது.

சம்மாட்டி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். "நான் உழவு மெசினைக் கூப்பிடுறன் பிள்ளை."

"பொறுங்கோ சம்மாட்டியார். பத்து நிமிசம்."

"உன்ரை பத்து நிமிசத்திலை என்ரை மீன் கருவாடாப் போயிடும்." அவர் போனை எடுத்தார். "மெசின் வர அரை மணித்தியாலம் எடுக்கும். அதுக்குள்ளை நீ வெளிக்கிட்டா வெளிக்கிடு."

அக்கா றிம்மை விரலால் தடவி மூக்கில் வைத்தார். முகம் கறுத்துப்போனது. "விசர் வேலை பாத்திட்டன். கறள் பிடிக்கக்கூடாதெண்டு உள்ளையும் வெளியையும் சுறா எண்ணெய் பூசினனான். அப்பா வள்ளத்துக்குப் பூசுறவர். காத்துக் குறைஞ்ச ரயர் எண்ணெயிலை வழுக்கிச் சுத்தியிருக்கு."

"மணத்தது அக்கா. நானும் கேக்கேல்லை."

"சரி, ரெண்டு விசரியளும் சேந்து கழட்டுவம் வா."

பலகை ஒன்றை மணலில் போட்டு, அதன் மேல் வண்டி தூக்குகிற ஜக்கை வைத்துச் சில்லைக் கழற்றினோம். கரைவலைக்குக் கட்டை அறைகிற பெரிய சுத்தியலை வாங்கி, மடிந்த விளிம்பில் அக்கா அடித்தார். ஏழாவது அடியில் விளிம்பு நிமிர்ந்தது! எங்கள் கடை வாசல் அலோய் றிம் இந்த அடிக்கு இரண்டு துண்டாகியிருக்கும். இஞ்சினுக்கு வைத்திருந்த பெற்றோலைத் துணியில் நனைத்து எண்ணெயைத் துடைத்து, காயவிட்டு, ரயரைத் திரும்ப மாட்டினோம்.

ஆனால் ரயர் றிம்மோடு ஒட்டவில்லை. காற்றடிக்கிற சின்ன மோட்டார் கத்திக்கொண்டிருந்தது, காற்றெல்லாம் பக்கத்தால் போனது. அக்கா வலைக்காரரைப் பார்த்தார்.

"தம்பிமாரே, உங்கடை கயித்திலை ஒரு துண்டு தாங்கோ. ரயரைச் சுத்திப் போட்டு ரெண்டு பக்கமும் இழுக்கவேணும்."

"மீன் வருமே அக்கா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஏற்கெனவே வந்த மீனைக் காப்பாத்துங்கோடா!"

சிரித்துக்கொண்டே எட்டுப் பேர் வந்தார்கள். ரயரின் நடுவைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, வலை இழுக்கிற அதே கால் ஊன்றலோடு பின்னுக்குச் சாய்ந்தார்கள். நடு இறுகியதும் ரயரின் ஓரங்கள் விரிந்து றிம்மைத் தொட்டன. காற்று ஏறத் தொடங்கியது.

டப்! டப்!

இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது! நான் குதித்த குதியில் செருப்பு எங்கேயோ போனது. சில்லைப் பூட்டி, இந்த முறை ரயருக்குக் கொஞ்சம் அதிகமாகக் காற்றடித்து, அக்கா மெல்ல, மிக மெல்ல ஓட்டினார். பாதி வழியில் எதிரே வந்த உழவு இயந்திரக்காரன் எங்களுக்கு ஒதுங்கி நின்றான்.

றோட்டில் ஏறும்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு. லொறிக்காரன் பின்கதவை இன்னும் பூட்டவில்லை. சம்மாட்டி வந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார்.

"மெசின்காரனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் கடைசியில்.

"அவன்ரை மெசினைத் தோட்டத்துக்கு விடச் சொல்லுங்கோ. நாளைக்கு எத்தினை மணிக்கு வர?"

"நாளைக்கு ஞாயிறு. பூசைக்குப் போ பிள்ளை. திங்கள் அஞ்சரைக்கு வலையடியிலை நில். சோளகம் முடியுமட்டும் நில்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். பிக்கப்புக்குப் பின்னால் போய், மறைவாக நின்று வீட்டுக்குப் போன் எடுத்தார். "இஞ்சாருங்கோ... ஓம்... ஓம், கிடைச்சிட்டுது." அழத் தொடங்கிவிட்டார். போனை என்னிடம் நீட்டினார். மறுபக்கத்தில் சிமியோன் அண்ணை "என்ன நடந்தது, சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அழுதுகொண்டு நிற்க, லொறிக்காரன்தான் போனை வாங்கிச் சொன்னான்:

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. மீன் ஏறிட்டுது!"