மவுஸ் தொடாத கையேடு

எங்கள் மேலாளரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. நல்லவேளை, இது அவரைப் பற்றியது இல்லை. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினெட்டு வருடம் உழைத்த அக்காவைப் பற்றியது. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசை அக்கா. என்னைவிட நாலு வயது மூத்தவள், எனக்கே நாற்பத்தொன்று. எப்போது பார்த்தாலும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளை அடித்துக்கொண்டிருப்பதால் ஆபீசில் அவளுக்குக் 'கறுப்புத் திரை' என்றே பெயர். வாய் கொஞ்சம் நீளம். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் முதலில் பிரிண்டரைத் திட்டுவாள், அப்புறம் அதை வாங்கியவரை, அப்புறம் வாங்கக் கையெழுத்துப் போட்டவரை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. கட்டடம் முழுக்க டாக்டர்கள், ஆளுக்கொரு மாத்திரை சொன்னார்கள். நடுக்கம் நின்றபாடில்லை. மெதுவாக டைப் அடிக்க முடிந்தது. மவுஸ் பிடிப்பதுதான் பெரும்பாடு. போதாக்குறைக்கு, அந்த வருடம் வந்த புதிய செட்டிங்ஸ் திரையில் 'சரி' பட்டனையும் 'நீக்கு' பட்டனையும் யாரோ ஒரு புண்ணியவான் ஒட்டினாற்போல் வைத்திருந்தான். அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!

ஒரு நாள் காலை அக்காவின் கை உதறியது. பரிசோதனைக்கூடத்தின் பிரிண்டர்கள் அத்தனையும் பட்டியலிலிருந்து காணாமல் போயின. மதியம் வரை ஒரு நோயாளிக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு கிடைக்கவில்லை.

மேலாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். "கை சரியில்லன்னா ஸ்டோர்ஸ்ல போய் உக்காருங்க. பஞ்சும் ஊசியும் எடுத்துக் குடுக்கலாம்."

"கைதான் சார் சரியில்ல. தலை நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. "மவுஸ்ல தட்டினா தட்டினதுதான். டைப் அடிச்சா, எண்டர் தட்டுற வரைக்கும் ஒண்ணும் நடக்காது. நாலு தடவை படிச்சுப் பாத்துட்டுத் தட்டலாம். இந்தத் திரையில செய்யிற எல்லாத்தையும் மவுஸ் இல்லாமலே செய்ய முடியும்."

"எல்லாத்தையுமா? எழுதிக் காட்டுங்க. ஒரு மாசம் டைம். ஒண்ணு விட்டுப்போனாலும் ஸ்டோர்ஸ்தான்."

அன்றைக்கே ஆரம்பித்தாள். செட்டிங்ஸ் திரையில் எத்தனை பக்கம், எத்தனை கட்டம், ஒவ்வொன்றுக்கும் பதில் கட்டளை என்ன? கடிகாரம், நெட்வொர்க், புதிய ஆளைச் சேர்ப்பது எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். சிலவற்றுக்கு மட்டும் திரை உள்ளே என்ன செய்கிறது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சோதனைக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் ஃபைல்கள் எல்லாவற்றையும் தனியாக ஒரு நகல் எடுத்துவைப்பாள். நான் மவுஸால் ஒரே ஒரு கட்டத்தில் டிக் போடுவேன். பிறகு பழைய நகலையும் புதியதையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பாள். எந்த வரி மாறியிருக்கிறதோ அதுதான் அந்த டிக் செய்த வேலை.

"ஒண்ணுதான் தட்டச் சொன்னேன், ரெண்டு தட்டிட்ட. மறுபடியும் முதல்லேர்ந்து!" இப்படி எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று கணக்கே இல்லை.

மருந்தகத்துக்கான 'தினமும் தானாக நகல் எடு' என்ற கட்டத்தில் வந்து சிக்கிக்கொண்டோம். டிக் போட்டேன், ஒரு வரியும் மாறவில்லை. டிக்கை எடுத்தேன், அப்போதும் மாறவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அக்கா மருந்தகத்தின் சர்வரிலேயே போய்ப் பார்த்தாள். பதினான்கு மாதமாக அங்கே ஒரு நகல்கூட இல்லை. திரையில் மட்டும் பச்சை டிக் பளபளத்தது. அதைப் பார்த்துத்தான் மேலாளர் மாதாமாதம் 'நகல் எடுக்கப்படுகிறது' என்று கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருக்கிறார். அந்தச் சர்வர் ஒரு நாள் படுத்திருந்தால், எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்ற விவரம் பூராவும் போயிருக்கும்! அக்கா அரை மணி நேரத்தில் கட்டளை எழுதி அதைச் சரிசெய்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேலாளர் அறைக்கதவை உதைக்கலாம்போல் இருந்தது. உதைக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போதே கையேட்டைக் கொடுத்துவிட்டாள். நூற்று நாற்பத்து மூன்று வேலைகள். ஒவ்வொன்றுக்கும் என்ன அடிக்க வேண்டும், பலித்ததா என்று எப்படிப் பார்க்க வேண்டும், தப்பானால் பழைய நிலைக்கு எப்படித் திரும்ப வேண்டும் என்று பச்சைக்குழந்தைக்கும் புரிகிறமாதிரி எழுதியிருந்தாள். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. மேலாளரே "பிரமாதம்" என்றார்.

அடுத்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கையேடு ரொம்பத் தெளிவா இருக்கு. இனிமே இந்த வேலையை யார் வேணும்னாலும் பாக்கலாம். அவங்களை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? ஸ்டோர்ஸ்ல நிம்மதியா இருக்கட்டும். கூடவே இருந்து செஞ்சது நீங்க, அவங்க இடத்துக்கு நீங்களே வந்துடுங்க. சம்பளமும் ஏறும்."

அயோக்கியத்தனம். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது.

வெளியே வந்தேன். அக்கா வராந்தாவில் நின்றிருந்தாள். மாற்றல் உத்தரவு அதற்குள் அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது.

"என் இடத்துக்கு உன்னைக் கேட்டாரா?"

"ஆமாக்கா."

"நீ என்ன சொன்ன?"

எனக்கு இரண்டு பிள்ளைகள், வீட்டு வாடகை ஏறியிருக்கிறது என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்க்கா."

அக்கா உத்தரவை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். கை நடுங்கியதில் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. உதவ நான் கையை நீட்டினேன். பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். நானே போட்டுக்கறேன்" என்றாள்.

ஜிப் மூடும்வரை அங்கேயே நின்றேன். ரொம்ப நேரம் ஆனது.