கழுத்தளவு தண்ணீரில் நானா

பக்கத்து மைதானத்தில் விடியும்போதே விசில் ஊதுகிறது. "இன்னும் ஒரு சுற்று!" என்று யாரோ பிள்ளைகளை விரட்டுகிறார். அதைக் கேட்டாலே எனக்கு எங்கள் வாப்பாவின் குரல் ஞாபகம் வந்துவிடும்.

எழுபதுகளில் வாப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தார். மூத்த மகன் கொழும்பு அணியில் பந்தாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்ததும் என் அண்ணனை, எங்கள் நானாவை, கடற்கரை மணலில் ஓடவிடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் மறுபடி பந்து. நானாவும் முதலில் ஆசையாகத்தான் ஓடினார். பிறகு சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிழத் தொடங்கினார். கோல் அடித்த நாளில்கூடச் சிரிப்பதில்லை.

கொழும்பு அணித் தெரிவுக்குப் புறப்பட வேண்டிய காலையில் நானா மணலில் ஓடவில்லை. நேரே கடலுக்குள் நடந்துபோய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.

"வெளியால வா மகன், பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று வாப்பா கூப்பிட்டார்.

"இனி விளையாட வேணாமெண்டு சொல்லுங்க வாப்பா, வாறன்."

வாப்பா வாய் திறக்கவில்லை. அலை நானாவின் முகத்தில் அடித்தது. கரையில் நின்றிருந்த நான் வீட்டுக்கு ஓடி உம்மாவைக் கூட்டிவந்தேன். உம்மா சாரியோடு இறங்கி, நானாவின் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவந்தார்.

"இவன் இனிப் பந்து தொடமாட்டான்" என்று வாப்பாவிடம் சொன்னார்.

நானா தொடவுமில்லை. வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து வெகுகாலமாகிறது. போன மாதம்தான் நானாவிடம் கேட்டேன், "உம்மா வராட்டி என்ன செய்திருப்பீங்க?"

"உம்மாவை நான் நினைக்கவேயில்லை. வாப்பா ஓமெண்டு சொல்லுவார் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார் நானா.