குன்வோரின் இடது முழங்கால்

குன்வோர் விழுந்தபோது அவளை யாரும் தொடவில்லை. அவளுக்குத் தாங்கவே முடியாத அவமானம் அதுதான். யாராவது இடித்துத் தள்ளியிருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். பகலில் மோலோய் துறைமுகத்து மீன் ஆலையில் பெட்டி தூக்குகிறவள் அவள். மாலையில் ஊர் ஹேண்ட்பால் அணிக்கு அவள்தான் உயிர். அன்று, இலையுதிர் காலத்து ஆட்டம் ஒன்றில், இடப்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

பந்து வழுக்காமல் இருக்க விரலில் பிசின் தடவுவார்கள். நடுவில் தொட்டுக்கொள்ள ஷூவின் மேலே கொஞ்சம் அப்பி வைத்துக்கொள்வது எல்லா ஆட்டக்காரிகளின் வழக்கம். குன்வோருக்கு எதிலும் கை தாராளம். அன்று அவள் அப்பிய பிசின் வழிந்து ஷூவின் அடிவரை இறங்கியிருந்தது. பந்துக்கு வைத்தது தரையைப் பிடித்துக்கொண்டது.

பிசியோதெரபிஸ்ட் ஓஸ்ஹில்ட் பிளாஸ்டிக் மூட்டு ஒன்றை மேஜைமேல் வைத்துப் பிரித்துக் காட்டினாள்.

"மேல தொடை எலும்பு, கீழ கால் எலும்பு. நடுவுல பாரு, பெருக்கல் குறி மாதிரி ரெண்டு நார். முன்னாடி இருக்கே, அதுதான் கீழ் எலும்பு முன்னால நழுவாம, முறுக்கிக்காம இழுத்துப் பிடிக்கும். உனக்கு அது போச்சு. ரெண்டு பக்கமும் பிறை மாதிரி மெத்தை இருக்கு பாரு, அது தப்பிச்சுது. நீ குடுத்துவச்சவ."

"குடுத்துவச்சவளா? நல்லா வாயில வருது!" என்றாள் குன்வோர். "நான் மறுபடி ஆடுவேனா, மாட்டேனா?"

"ஆடுவ. தொடைக்குப் பின்னால இருந்து நார் எடுத்து உள்ள கட்டுவாங்க. ஆனா முதல்ல அது வெறும் கயிறுதான். உடம்பு அதைத் தன்னோடதா ஆக்கிக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். வீக்கம் போயிடும், வலி போயிடும், உனக்குத் திமிரும் வந்துடும். அப்பதான் நிறைய பேர் திரும்ப அறுத்துக்கிறாங்க."

அறுவை சிகிச்சை முடிந்தது. தொடை சூம்பிப்போனது. குன்வோர் அதைப் பார்த்து ஒரு தடவை அழுதாள், பிறகு வேலையைப் பார்த்தாள். ஆலையில் இடைவேளை விட்டால் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுவாள்.

"கொக்கு வந்துடுச்சு டோய், மீனையெல்லாம் மூடி வைங்க!" என்று கத்துவார்கள். கொக்கு அசையாது.

அடிபட்டவள் சும்மா இருக்க எங்கள் ஊரில் வழியில்லை. ஆட்டம் நடக்கும் நாளில் அரங்கத்துக் கவுன்ட்டரில் அவளுக்கு வாஃபிள் அப்பம் சுடும் சட்டி. வசந்தத்தில் கடைசி ஆட்டம் வந்தது, தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். குன்வோர் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் பயிற்சியாளர் தூர்கைர் கவுன்ட்டருக்கு ஓடி வந்தார்.

"ரெண்டே கோல்தான் பின்னாடி இருக்கோம். உன் பேரை எதுக்கும் இருக்கட்டும்னு லிஸ்ட்ல சேர்த்து வச்சிருக்கேன். கடைசியில கொஞ்ச நேரம் இறங்கு. நீதான் நல்லா நடக்கிறியே!"

"நடக்கிறதுக்கு ஹேண்ட்பால் எதுக்கு?" என்றாள். ஆனால் பையில் ஷூ இருந்தது; ஆசை சும்மா விடுமா?

ஷூவை மாட்டிக்கொண்டு ஆளில்லாத நடைபாதைக்குப் போனாள். இரண்டு காலும் ஒரே தூரம் தாவ வேண்டும் என்பது ஓஸ்ஹில்டின் கணக்கு. வலது காலில் ஒரு தாவல். வந்து நின்ற இடத்தில் கார் சாவியை வைத்தாள். திரும்பி வந்து அதே கோட்டிலிருந்து இடது காலில் தாவினாள். சாவி இன்னும் ஒரு முழம் தள்ளிக் கிடந்தது. வெறி பிடித்தவள்போல மறுபடி தாவினாள். அப்போதும் அதே ஒரு முழம்.

திரும்பிப் போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். "இன்னைக்கு இல்ல," என்றாள். தூர்கைர் பெஞ்சுக்குத் திரும்பி ஓடினார்.

ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். உடை மாற்றும் அறை வாசலில் அவளுடைய தோழி யோருன் நின்றாள், அழுது முகம் வீங்கியிருந்தது. "வாஃபிள் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள். குன்வோர் காரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மறுநாள் இடைவேளையில் ஒற்றைக் காலில் நின்றாள்.

கோடை முழுக்க அப்படியே போனது. ஓஸ்ஹில்ட் தாவச் சொன்னாள், திரும்பச் சொன்னாள், தாவும்போது தோளில் பிடித்துத் தள்ளினாள். இரண்டு காலும் ஒரே தூரம் போன பிறகுதான் தலையாட்டினாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் கீழ்ப் பிரிவில் முதல் ஆட்டம். குன்வோர் எகிறி எறிந்தபோது தடுப்பாட்டக்காரி அந்தரத்திலேயே இடித்தாள். குன்வோர் முழு எடையோடு இடது காலில் வந்து இறங்கினாள். யோருன் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லார் கண்ணும் அந்த முழங்காலில்தான் இருந்தது.

குன்வோரின் கண் மட்டும் வலையில் இருந்தது. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

"அடச்சே! இதைப் போய் விட்டேனே!" என்று தரையை உதைத்தாள், இடது காலால்.

"ஏன்டி எல்லாரும் செத்த மீன் மாதிரி முழிக்கிறீங்க? பின்னாடி ஓடுங்கடி!" என்று கத்திக்கொண்டே தன் கோலைக் காக்க ஓடினாள்.