முன்னுக்குக் கட்டச் சொன்ன காசு

வங்கிக்காரர் அளவுக்கு மிஞ்சி மரியாதை தந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அன்று கல்முனையில் எங்கள் கடன் விண்ணப்பத்தைப் பார்த்த வங்கித் தம்பி குளிர்பானம் வேறு எடுப்பித்துத் தந்தார். நான் வாயில் வைக்கவில்லை.

மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம். எங்கள் ஊரில் வீடு கொடுக்காமல் பெண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். மகளின் வீடோ சுவரோடு நின்றுபோயிருந்தது. கூரை போட வங்கிக் கடன்தான் வழி. வட்டி என்றால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். "ஏழு வருஷத் தவணையெல்லாம் எங்க இழுக்கிற? வாற வெள்ளாமை வெட்டினதும் முழுசாக் கட்டி முடிச்சிருவன். அல்லாஹ் மன்னிப்பான்" என்று என் கணவர் சொல்லிச் சொல்லியே என்னைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

"ஒரு வழி இரிக்கி, ராத்தா" என்றார் அந்தத் தம்பி. "முன்னுக்கு, கடன் எடுக்கக்குள்ளயே, ஒரு லட்சம் கட்டினீங்கண்டா வட்டியக் குறைச்சுத் தருவம். மாசா மாசம் கட்டுறதும் குறையும்."

எங்களிடம் லட்சம் ஏது? இருந்தது என் கையில் கிடந்த காப்புச் சோடிதான். என் உம்மா போட்டு அனுப்பியது. அந்தத் தம்பியின் கண் அதிலேயே நிற்பதாக எனக்குப் பட்டது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"கடன் கேட்டு வந்த எங்கள்ட்டயே காசி கேக்கிறீங்களே தம்பி, இது என்ன கூத்து? அதுக்குப் பற்றுச்சீட்டுத் துண்டு தருவீங்களா?"

"ஓம், தருவம்."

துண்டு யார்தான் அடிக்க மாட்டார்கள்? எனக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. வேறு பக்கத்தால் கேட்டுப் பார்த்தேன்.

"சரி, நாங்க வாற வெள்ளாமையோட கடன முடிச்சா இந்த லட்சம் திரும்பி வருமா?"

தம்பி பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "வராது, ராத்தா. மூணு நாலு வருஷம் கட்டினாத்தான் வட்டி குறைஞ்ச கணக்கில இந்தக் காசி மீளும். அதுக்குப் பொறகுதான் ஒங்களுக்கு லாபம். கெதியா முடிக்கிற ஆக்களெண்டா இது வேணா, நட்டம்."

எனக்குச் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. கணவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? கேட்டிராட்டி என்ன நடந்திரிக்கும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி, "முன்னுக்கே கட்டுவம்" என்றார்.

"ஒங்களுக்கென்ன விசரா? அவரே நட்டமெண்டு சொல்றார்."

"ஒரு வெள்ளாமையில எப்பிடிப் புள்ள கட்டி முடிக்கிற? உரக்கடைக் கணக்குத் தீரவே காணாது. ஏழு வருஷமும் போகும்."

"இது எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"மொதல்லயே தெரியும். சொன்னா நீ ஓமெண்டிருக்க மாட்டாய்."

தம்பி மெல்ல எழுந்து வெளியே போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரோ ஒரு வங்கிக்காரரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவரை ஒரு தடவையாவது பார்த்தேனா? ஆனாலும் மகளுக்குக் கூரை வேண்டும். காப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கையை நீட்டினார்.

"தர மாட்டன்" என்றேன். "நகைக்கடைக்கு நானும் வருவன். நீங்க தனியாப் போய் வித்துப்போட்டு வந்து என்ன விலை சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டன்."