கழுவிவிட்ட வீட்டில் வெள்ளக் கணக்கு

கண்மாய் உடைத்துக்கொண்டதில் ராஜபாளையத்து எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தது. சேதத்தைக் கணக்கெடுக்க ஆபீசர் வருகிறார் என்று தெருவே காத்திருந்தது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் நிவாரணம். அது வந்தால்தான் எங்களுக்குப் புதுக் கதவு, மெத்தை எல்லாம்.

அன்று மில்லில் காலை ஷிப்ட் முடிந்து வந்தால், வீடு பளபளவென்று இருக்கிறது! ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் நாத்தனார் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, சேற்றை வழித்து, சுவரில் இருந்த தண்ணீர்க் கறைமேல் சுண்ணாம்பு அடித்து, கட்டிலில் புது விரிப்பு விரித்து, வாசலில் கோலமும் போட்டிருந்தார்.

"ஐயோ மதினி! என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீக?"

"பொறவு? ஆபீசர் வாராக. வீட்டை நாறப் போட்டா நம்மளை என்ன நெனைப்பாக?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட நேரமில்லை, ஆபீசர் வந்தே விட்டார்.

"இடுப்பளவு தண்ணி நின்னுச்சு சார்" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த வீட்டுலயாம்மா?"

நாத்தனாரோ பால்கோவாவை நீட்டிக்கொண்டிருந்தார். சாரல் வேறு அடித்தது. வந்தவர் நனையக் கூடாதென்று ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். ஊறி உப்பிய கதவு அது. வெள்ளம் வடிந்ததிலிருந்து நாங்கள் அதைத் தொடவே இல்லை.

சிக்கிக்கொண்டது. இழுத்தோம், கைப்பிடிதான் கையோடு வந்தது. வரிசை வீடு, பின்வாசல் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியிலிருந்து தோளால் முட்டிக்கொண்டிருக்க, "செத்த நேரம் உக்காருங்க சார்" என்று நாத்தனார் கட்டிலைக் காட்டினார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார் மனுஷர். மெத்தை குடித்துவைத்திருந்த தண்ணீரெல்லாம் அவர் பேண்ட்டில்!

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! கடைசியில் அவரே சிரித்துவிட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார், சுண்ணாம்போடு பூச்சும் பெயர்ந்து விழுந்தது. கதவு, மெத்தை, சுவர் எல்லாம் எழுதினார்.

ஒருவழியாகக் கதவு திறந்ததும், "இவ்வளவையும் கழுவினது யாரும்மா? கூலி என்ன கொடுத்தீங்க? அதையும் சேர்த்து எழுதிடறேன்" என்றார்.

நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தம்பி வீட்டைக் கழுவுனதுக்குக் கூலியா? அதெல்லாம் எழுதாதீக சார்!"

காலையிலிருந்து வெறும் வயிற்றோடு தேய்த்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபீசர் தொடாமல் வைத்துவிட்டுப் போன பால்கோவாவை எடுத்து, மதினி வாயிலேயே ஊட்டிவிட்டேன்.